போர்ட் பதினேழு

ஒன்பது நாற்பதுக்கு அழைப்பு.
"நெட் இல்லம்மா" என்றார் மேலாளர் சேவியர்.
இல்லை என்பது ஒரு தகவலே அல்ல.
எது இல்லை, யாருக்கு இல்லை, எப்போதிலிருந்து இல்லை?
கேட்டால் கோபம் வரும். கிளம்பிவிட்டேன்.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு
ஸ்கூட்டரில் அரை மணி.
பதினோரு வருடமாக யாரும் கேட்காத என் கொள்கைகளை
ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

வயர் இல்லாததை நம்பாதே.
கானாடுகாத்தான் விடுதியின் இரண்டடிச் சுவர்
எந்த அலையையும் மறுபக்கம் விட்டதில்லை.
"சுவரைக் கொஞ்சம் மெலிசாக்கலாமா?"
என்று கேட்டார் ஒரு ஆலோசகர், கோட் போட்டவர்.

மேகம் என்கிறார்கள்.
யாரோ ஒருவனுடைய கட்டடம்,
யாரோ கட்டும் கரண்ட் பில்.
மேகத்தை நம்பி என்ன ஆகும் என்று
இந்தச் செம்மண்ணைக் கேட்டிருக்கலாம்.

சான்றிதழ் மூன்று வருடத்தில் காலாவதியாகும்.
நான் மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் தேறினேன்.
கேபிளின் இரண்டு முனையிலும் பெயர் ஒட்டு என்பதை மட்டும்
எந்தத் தாளிலும் யாரும் கேட்கவில்லை.

வங்கியில் நகைக் கடன் திருப்பும் கூட்டம்.
வரிசையில் நாலாவதாக சாத்தப்பன்:
"ஏத்தா, எங்க ஐயா ஒரு துண்டுக் காகிதத்துல
ரங்கூனுக்குப் பணம் அனுப்புனாரு.
உங்களால காரைக்குடிக்கு அனுப்ப முடியலையா?"
அந்தக் காகிதம் கப்பலில் போனது ஐயா,
போய்ச் சேரும்வரை யாரும் கவுண்டரில் நின்று
கண்ணாடியைத் தட்டவில்லை
என்று சொல்ல நினைத்தேன்.
பிங் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

ஸ்விட்சின் விளக்குகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.
நல்ல நாளில் அவை பேச்சுப் போல மினுக்கும்,
ஒன்று சொல்லும், ஒன்று கேட்கும், நடுவே ஒரு மூச்சு.
இன்று இருபத்துநான்கும் ஒரே கூச்சல்.
இந்த முகவரிக்காரர் யார், யார், யார் என்று
ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி
கேட்டவனிடமே வந்து மறுபடி கேட்டது.

நீலக் கேபிள். மூன்று மீட்டர்.
ஒரு முனை போர்ட் ஐந்தில்,
மறுமுனை அதே பெட்டியில், பதினேழில்.
பிடுங்கினேன்.
வங்கி மூச்சு விட்டது. டோக்கன் எண் ஓடியது.

"தொங்கிட்டே இருந்துச்சு, கூட்டும்போது கால்ல மாட்டுச்சு.
பொருந்துற ஓட்டையாப் பாத்துச் சொருகினேன்.
டிக்குன்னு உக்காந்துச்சு.
தப்பா?" என்றார் பஞ்சவர்ணம்,
விளக்குமாற்றைக் கீழே வைக்காமல்.

பங்குனியில் பழைய பிரிண்டரைக் கழற்றியது நான்.
கேபிளைத் தொங்க விட்டது நான்.
கணினி எழுந்துவர அரை நிமிடம் ஆகிறதென்று சேவியர் முனகினார் என
வளையத்தைத் தடுக்கும் காப்பை அணைத்ததும் நான்தான்,
பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று.
எங்கள் தொழிலில்
பிறகு என்ற கிடங்கு மட்டும் நிரம்புவதே இல்லை.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்: மூலக் காரணம்.
எண்பது எழுத்துக்குள் அடக்க வேண்டும்.
சேவியர் குனிந்து மெதுவாகச் சொன்னார்,
"அந்தம்மா பேரைப் போட்டுடுங்க.
காண்ட்ராக்ட் ஆள்தானே, ஒண்ணும் ஆகாது."
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
கதவோரம் தரை இன்னும் ஈரமாக இருந்தது.

'லூப் காப்பை அணைத்தது நான். மறுபடி போடவில்லை.'
எண்ணிப் பார்த்தேன். இடம் மீதமிருந்தது.
அதே ஸ்விட்ச் வழியாகத்தான் போனது அதுவும்,
முப்பது மில்லி நொடியில், எதுவும் கேட்காமல்.

மறு மாதம் என் ஊக்கத்தொகையில் ஒரு வெட்டு.
அதன்பின் அந்தக் கிளையிலிருந்து அழைப்பில்லை.
எங்களுக்குப் பாராட்டு வருவது இப்படித்தான்,
வராமல்.

நீலக் கேபிள் என் பையில் கிடக்கிறது,
டிபன் பாக்ஸுக்கு அடியில், சுருட்டி.
முனைகளில் பெயர் ஒட்ட வேண்டும்.
இன்னும் ஒட்டவில்லை.